வளவுக் குளத்தில் நீர்வீழ்ச்சி: நீரை அளந்து ஓடவிடுவதற்கான முழுமையான வழிகாட்டி

வீட்டு வளவில் சிறு குளம் ஒன்றை வெட்டி, அதன் தலைப்பில் கல் அடுக்கி நீர் விழச் செய்ய விரும்புகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் கடைக்குப் போய்ப் பம்பு ஒன்றை வாங்கி வருகிறார்கள். பிறகு அந்தப் பம்பு தரும் நீருக்கு ஏற்றபடி கற்களை மாற்றி மாற்றி அடுக்குகிறார்கள். நீர் கல்லின் அடிப்புறத்தை ஒட்டி வழிந்து மண்ணுக்குள் இறங்குகிறது, அல்லது ஒரு மூலையில் மட்டும் கயிறுபோல் வடிகிறது. உடனே பம்பு போதாது என்று எண்ணி அதைவிடப் பெரிய பம்பைத் தேடுகிறார்கள். மட்டக்களப்பின் கல்லடி என்ற ஊரில் எங்கள் வளவில் அமைத்த முதல் நீர்வீழ்ச்சியில் நானும் இந்த வழியிலேயே போய் இரண்டு பம்புகளுக்குப் பணம் கொடுத்தேன். வேலையை மறுதலையாகத் தொடங்க வேண்டும் என்பதே அதில் நான் கற்றது. நீர் குதிக்கும் விளிம்பின் அகலத்தை முதலில் முடிவு செய்து, அதற்கு வேண்டிய நீரைக் கணக்கிட்டு, உயரத்தையும் குழாயையும் தீர்மானித்து, கடைசியில்தான் பம்பு வாங்க வேண்டும்.

வயலோடு பழகியவர்களுக்கு இது புதிய செய்தி அன்று. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், வெல்லாவெளிப் பக்கத்து வட்டையில் (வயல்வெளியில்) என் அம்மப்பா நீர் கட்டும்போது வாய்க்காலின் வேகத்தைப் பார்த்ததை நான் கண்டதில்லை. அவர் பார்த்ததெல்லாம் வக்கடையைத்தான். வரம்பில் ஒரு பாதம் அகலத்துக்குத் திறந்த அந்த வாயின் அடிமட்டத்தைக் காலால் மிதித்துச் சமப்படுத்துவார். ஒரு பிடி சேற்றை வைத்து விரலளவு உயர்த்துவார். மேல்வயலில் எவ்வளவு நீர் நிற்க வேண்டும், கீழ்வயலுக்கு எவ்வளவு போக வேண்டும் என்ற இரண்டும் அந்த ஒரு பிடியில் தீர்ந்துவிடும். வளவு நீர்வீழ்ச்சியின் விளிம்பும் ஒரு வக்கடைதான். அதன் அகலமும் மட்டமும் சரியாக இருந்தால் சிறிய பம்பே அழகாக வேலை செய்யும்.

இடமும் காற்றும் மண்ணும்

மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் நீர்வீழ்ச்சியின் முகத்தை எந்தத் திசைக்கு வைப்பது என்பதைக் காற்றே தீர்மானிக்கிறது. வைகாசி முதல் ஆவணி வரை மேற்கிலிருந்து வீசும் கச்சான், மலைநாட்டைக் கடந்து இறங்கி வருவதால் சூடாகவும் வறட்சியாகவும் இருக்கும். விழுகிற நீரின் சிதறலை அது குளத்துக்கு வெளியே கொண்டுபோய்விடும். கிணறு இறங்கும் காலமும் அதுவே என்பதால் அந்த இழப்பு மிகவும் உறைக்கும். ஆகவே கல்மேட்டின் முதுகு மேற்கைப் பார்க்கவும் நீர் கிழக்கு நோக்கி விழவும் அமைப்பது நல்லது. அப்போது மேடே காற்றை மறைக்கும். மாரியில் வடகிழக்கிலிருந்து வரும் வாடைக்காற்று நீரை எதிர்த்து வீசும் என்பது உண்மைதான். ஆயினும் அந்தக் காலத்தில் வானமே குளத்தை நிரப்புவதால் சிதறுகிற நீரைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

வாவிக்குக் கிழக்கே கடலோரமாக உள்ள எழுவான்கரையின் மணல் குளம் வெட்ட இலகுவானது, மேடு கட்டக் கெட்டது. வெறும் மணலைக் குவித்து மேலே கல் வைத்தால் முதல் மாரியிலேயே மேடு இறங்கிவிடும். எங்கள் வளவில் கார்த்திகையில் கட்டிய மேடு தை பிறக்கும்போது இடப்புறம் ஏறத்தாழ ஒன்றரைச் சென்ரிமீற்றர் தாழ்ந்திருந்தது. பார்வைக்கு ஒன்றும் தெரியாத அந்தச் சரிவால் விளிம்பின் வலப்பாதி முழுவதும் காய்ந்து போனது. ஆகவே மேட்டின் உள்ளே சீமெந்துக் கற்களால் ஒரு பெட்டிபோலக் கட்டி, அதற்குள் கிறவல் என்னும் சரளை மண்ணைப் பதினைந்து சென்ரிமீற்றர் படைகளாக இட்டு, ஒவ்வொரு படையையும் நனைத்து இடித்து இறுக்க வேண்டும். மணலை வெளிப்புறச் சாய்வுக்கு மட்டும் பயன்படுத்தலாம். படுவான்கரையின் களிமண் பகுதிகளில் மேடு நன்றாக நிற்கும். ஆனால் அந்த மண் கோடையில் வெடிப்பதால் அங்கேயும் விளிம்பை மண்ணின் மேல் நேரே வைக்கக் கூடாது.

கல்லைப் பொறுத்தவரை கருங்கல்லே ஏற்றது. முருகைக்கல்லைத் தவிர்க்க வேண்டும். கரையோரத்தில் அதை அகழ்வது சட்டப்படி தடை செய்யப்பட்டுள்ளது. அதோடு அது சுண்ணாம்பே ஆதலால் நீரில் கரைந்து காரத்தன்மையைக் கூட்டும்.

விளிம்பு: அகலமும் தடிப்பும் மட்டமும்

நீர் எவ்வளவு தடிப்பாக விழ வேண்டும் என்பது அவரவர் விருப்பம்; அந்த விருப்பத்துக்கு வேண்டிய நீரின் அளவோ கணக்கு. விளிம்பின் ஒவ்வொரு சென்ரிமீற்றர் அகலத்துக்கும் மணித்தியாலத்துக்கு 75 லீற்றர் விட்டால் கற்களை நனைத்து இறங்கும் மெல்லிய வழிவு கிடைக்கும். 150 லீற்றர் விட்டால் கண்ணாடித் தகடுபோல் விழும். 300 லீற்றர் விட்டால் இரைச்சலோடு கொட்டும். விளிம்புக்குச் சற்றுப் பின்னால், நீர் இன்னும் வளைந்து இறங்கத் தொடங்காத இடத்தில், இந்த மூன்று நிலைகளிலும் நீரின் ஆழம் முறையே ஏறத்தாழ 11, 17, 27 மில்லிமீற்றராக இருக்கும். ஆழத்தை இரட்டிப்பாக்க இரண்டு மடங்கு நீர் போதாது, ஏறத்தாழ 2.8 மடங்கு வேண்டும் என்பதை இந்த எண்களிலிருந்து உணரலாம். தடிப்பான நீர் வேண்டுமென்றால் பம்பைப் பெரிதாக்குவதைவிட விளிம்பின் அகலத்தைக் குறைப்பதே சிக்கனமான வழி. ஒரு மீற்றர் அகல விளிம்பு கேட்கும் நீரில் 30 சென்ரிமீற்றர் விளிம்பு மூன்றை ஓடவிடலாம். வளவுக் குளத்துக்கு 30 சென்ரிமீற்றரே தாராளம் என்பது என் முடிவு. இனிவரும் கணக்குகளையும் அந்த அகலத்துக்கே தருகிறேன்: 30 சென்ரிமீற்றர், சென்ரிமீற்றருக்கு 150 லீற்றர், ஆக மணித்தியாலத்துக்கு 4,500 லீற்றர்.

விளிம்புக்குத் தட்டையான கருங்கல் பலகையைத் தேடி அலைய வேண்டியதில்லை. சமையலறை மேடைகளுக்குக் கிரனைட் வெட்டும் இடங்களில் மிஞ்சும் துண்டுகள் இதற்கு மிகப் பொருத்தமானவை. மெருகிட்ட பக்கம் மேலே இருந்தால் நீர் தகடாக விழும். சொரசொரப்பான பக்கம் மேலே இருந்தால் நீர் நூல் நூலாகப் பிரியும். பலகை கீழேயுள்ள கல்லைவிடக் குறைந்தது நான்கு சென்ரிமீற்றர் வெளியே நீண்டிருக்க வேண்டும். அதன் அடிப்புறத்தில், முன்விளிம்பிலிருந்து ஒரு சென்ரிமீற்றர் உள்ளே, கிரைண்டரால் ஒரு காடி வெட்டிவிடுங்கள். சன்னல் மேல் சிலாப்பின் அடியில் மேசன்மார் மழைநீர் சுவருக்கு ஓடாதபடி கோடு கீறி விடுவார்களே, அதே வேலைதான் இங்கும். மெதுவாக வரும் நீர் குதிப்பதில்லை. தேநீர்ப் பாத்திரத்தின் மூக்கில் வழிவதுபோல் விளிம்பைச் சுற்றி வளைந்து அடிப்புறத்தை ஒட்டிக்கொண்டு பின்னுக்குப் போய், கல் இடுக்கு வழியாக, நீர் கசியாதபடி குளத்தில் போட்ட விரிப்புக்கு வெளியே இறங்கிவிடும். காடியில் அந்த ஒட்டல் அறுந்து நீர் நேரே கீழே விழும்.

மட்டம் பார்ப்பதற்கு இரசமட்டம் மட்டும் போதாது. 30 சென்ரிமீற்றர்ப் பலகையில் குமிழி நடுவில் நிற்பதுபோல் தெரிந்தாலும் இரண்டு மூன்று மில்லிமீற்றர் பிசகு இருக்கலாம். 17 மில்லிமீற்றர் ஆழ நீருக்கு அது பெரிதல்ல. 11 மில்லிமீற்றர் வழிவில் பக்கத்துக்குப் பக்கம் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். மேசன்மாரின் கண்ணாடிக் குழாயையே, அதாவது உள்ளே நீர் தெரியும் வளையக்கூடிய குழாயையே, நான் நம்புகிறேன். குழாயில் நீரை நிரப்பியபின் அதைத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலால் சுண்டிக்கொண்டே வாருங்கள். உள்ளே குழாயை அடைக்கும் காற்றுக் குமிழ் தங்கியிருந்தால் இரு முனையிலும் நீர்மட்டம் பொய் சொல்லும். சுண்டும்போது குமிழ் நகர்ந்து மேலேறி வெளியே வருவதைக் காணலாம். பிறகு இரு முனைகளையும் சேர்த்துப் பிடித்து நீர் சமமாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, விளிம்பின் இரு மூலைகளிலும் வைத்து அளவுங்கள். பலகை இடம்வலமாக முழு மட்டமாகவும், முன்பின்னாக முன்பக்கம் இம்மியளவு தாழ்ந்தும் இருக்க வேண்டும். சாந்து இறுகுமுன் ஒரு வாளி நீரைப் பின்னாலிருந்து மெல்ல ஊற்றிப் பாருங்கள். எந்த மூலையில் நீர் முந்துகிறது என்பதை அது உடனே காட்டிவிடும்.

பலகையின் அடியிலும் இரு பக்கங்களிலும் உள்ள இடுக்குகளைச் சாந்தாலோ விரியும் நுரையாலோ முழுவதும் அடைக்க வேண்டும். கல்லின் மேலே போகாமல் கல்லுக்கு அடியால் போகும் நீர் எவ்வளவு பெரிய பம்பையும் தோற்கடித்துவிடும்.

உயரமும் குழாயும், அதன்பின் பம்பும்

பம்பின் பெட்டியில் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும் லீற்றர் எண், நீரைச் சிறிதும் உயர்த்தாமல் வெளியே விடும்போது கிடைக்கும் அளவு. அதன் அருகே சிறிதாகத் தரப்பட்டிருக்கும் அதிகபட்ச உயரமோ, ஒரு துளியும் வெளியே வராமல் நீர் குழாயில் நின்றுவிடும் உயரம். நமக்கு வேண்டியது இவ்விரண்டுக்கும் இடையில் உள்ளது. நல்ல தயாரிப்பாளர்கள் உயரத்துக்கு உயரம் எவ்வளவு நீர் என்று ஒரு வளைகோட்டைப் பெட்டியிலோ கையேட்டிலோ தருவார்கள். அது இல்லாத பம்பை வாங்காமல் விடுவதே நல்லது.

உயரத்தை அளப்பது குளத்தின் நீர்மட்டத்திலிருந்து விளிம்பு வரை. பம்பு நீருக்குள் எவ்வளவு ஆழத்தில் கிடந்தாலும் அந்த ஆழம் கணக்கில் சேராது, ஏனென்றால் அதைச் சுற்றியுள்ள நீரே அந்த அளவுக்கு அதைத் தள்ளிக் கொடுக்கிறது. எங்கள் எடுத்துக்காட்டில் இந்த உயரம் 90 சென்ரிமீற்றர். வளவுக்கு இதற்கு மேல் வேண்டாம் என்பேன். உயரம் கூடக் கூடச் சிதறலும் கூடும், மின்சாரமும் கூடும். விழும் இடத்தைச் சுற்றி ஏறத்தாழ அதே உயரத்தின் தூரத்துக்குக் குளத்து விரிப்பை நீட்டவும் வேண்டிவரும்.

இந்த 90 சென்ரிமீற்றரோடு குழாயின் உராய்வையும் சேர்க்க வேண்டும், பலரும் ஏமாறுவது இங்கேதான். மணித்தியாலத்துக்கு 4,500 லீற்றர் நீர் 25 மில்லிமீற்றர் உள்விட்டமுள்ள ஆறு மீற்றர்க் குழாயில் ஓடினால், நேர்க்குழாயில் மட்டுமே ஏறத்தாழ 1.7 மீற்றர் உயரத்துக்கு ஈடான அழுத்தம் வீணாகிறது. அதே நீர் 40 மில்லிமீற்றர் உள்விட்டமுள்ள குழாயில் ஓடினால் இழப்பு ஏறத்தாழ 17 சென்ரிமீற்றர். பத்தில் ஒரு பங்கு. எல்போக்களையும் எண்ண வேண்டும். 40 மில்லிமீற்றர்க் குழாயில் தொண்ணூறு பாகைத் திருப்பம் ஒவ்வொன்றும் நான்கைந்து சென்ரிமீற்றரைத் தின்னும். 25 மில்லிமீற்றரில் ஒவ்வொன்றும் முப்பது சென்ரிமீற்றர் அளவுக்குத் தின்னும். மூன்று எல்போக்களும் நீர் வெளியேறும் வாயும் சேர, பெரிய குழாயில் நமது மொத்த உயரம் ஏறத்தாழ 1.3 மீற்றர், சிறிய குழாயில் ஏறத்தாழ 4 மீற்றர். பம்பின் வாய் 25 மில்லிமீற்றராக இருக்கிறதே என்று குழாயையும் அதே அளவில் போட்டுவிடாமல், பம்பின் வாயிலேயே விரித்துப் பெரிய குழாயைப் பொருத்துங்கள். குழாய் வாங்கும்போது கடைக்காரர் சொல்லும் அளவு வெளிவிட்டமாக இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். 50 மில்லிமீற்றர்க் குழாயைப் போட்டுவிட்டால் இந்தக் கவலைகள் யாவும் தீரும், விலை வித்தியாசமும் சில மாத மின்கட்டணத்தில் அடங்கிவிடும்.

இப்போது பம்பைத் தேடலாம். 1.3 மீற்றர் உயரத்தில் 4,500 லீற்றர் தர வேண்டும். பெட்டியில் 7,000 லீற்றர் என்றும் அதிகபட்ச உயரம் 4 மீற்றர் என்றும் இருக்கும் பம்பு, வளைகோட்டின் வடிவத்தைப் பொறுத்து, இந்த உயரத்தில் 4,700 முதல் 5,700 லீற்றர் வரை தரும். அதுவே போதும். மூன்று மீற்றர் நீளமும் இரண்டு மீற்றர் அகலமும் சராசரி 60 சென்ரிமீற்றர் ஆழமும் உள்ள குளத்தில் 3,600 லீற்றர் நீர் இருக்கும். மீன் வளர்க்கும் குளத்து நீர் ஒன்று அல்லது இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை முழுவதும் சுழல வேண்டும் என்ற தேவையும் இதில் நிறைவேறிவிடுகிறது. கிணற்றிலிருந்து கூரைத் தாங்கிக்கு நீர் ஏற்றும் மோட்டாரைச் சிலர் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். அது அதிக உயரத்துக்குக் குறைந்த நீரைத் தள்ளுவதற்கான பொறி. இரவுபகலாக ஓடவிட்டால் சூடேறும், மின்சாரத்தையும் விழுங்கும்.

பம்பு பொருத்தியபின் கட்டாயம் அளந்து பாருங்கள். ஒன்றரை லீற்றர்ப் போத்தலால் பத்துமுறை நீர் ஊற்றி, பெயின்ற் வாளி ஒன்றில் 15 லீற்றர்க் கோட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். குழாயின் வாயை விளிம்பின் உயரத்திலேயே பிடித்து வாளிக்குள் விட்டு, அந்தக் கோடு வரை நிரம்ப எத்தனை செக்கன் ஆகிறது என்று பாருங்கள். 54,000 ஐ அந்தச் செக்கன்களால் வகுத்தால் மணித்தியாலத்துக்கு எத்தனை லீற்றர் என்பது கிடைக்கும். பன்னிரண்டு செக்கனில் நிரம்பினால் 4,500. அந்த எண்ணைத் திகதியோடு சுவரிலோ கொப்பியிலோ எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து நீர் குறைந்ததுபோல் தோன்றும்போது இந்த ஒரு எண்ணே உண்மையைச் சொல்லும்.

தலைத்தொட்டி

குழாயிலிருந்து பீறிட்டு வரும் நீரை நேரே விளிம்புக்கு விட்டால் அது குதித்தும் கொப்பளித்தும் வரும், தகடாக விழாது. விளிம்புக்குப் பின்னால் குறைந்தது 30 சென்ரிமீற்றர் ஆழமும் விளிம்பைவிட அகலமும் உள்ள ஒரு தொட்டி வேண்டும். குழாய் அதன் அடிப்புறத்தில், பின்சுவரை நோக்கித் திறக்கட்டும். நடுவே இரண்டு மூன்று பெரிய கற்களைப் போட்டால் நீர் அவற்றில் மோதிச் சினம் தணிந்து மேலெழும்.

இப்படிக் குழாய் அடியில் திறக்கும்போது ஒரு சிக்கல் வரும். பம்பு நின்றவுடன் தொட்டி நீர் முழுவதும் அதே குழாய் வழியாகக் குளத்துக்குத் திரும்பி இறங்கிவிடும். பம்புக்கு மேலே ஒரு நொன்ரிட்டேர்ன் வால்வைப் போட்டால் இது நிற்கும். வால்வில் பாசியும் தூசியும் சிக்கும் என்பதால் அதை யூனியன் போட்டுக் கழற்றக்கூடியதாக வைக்க வேண்டும்.

வால்வு இருந்தாலும் ஓடிக்கொண்டிருந்த நீர் பம்பு நின்றபின் கீழே வந்தே தீரும். தலைத்தொட்டியின் மேற்பரப்பு ஒரு சதுர மீற்றரானால் விளிம்புக்கு மேல் நின்ற 17 மில்லிமீற்றரும் சேர்ந்து 17 லீற்றர். இடையில் மூன்று மீற்றர் நீளமும் 40 சென்ரிமீற்றர் அகலமும் மூன்று சென்ரிமீற்றர் ஆழமும் உள்ள ஓடை இருந்தால் இன்னும் 36 லீற்றர். ஆறு சதுர மீற்றர்க் குளத்தில் இது ஒரு சென்ரிமீற்றருக்கும் குறைந்த ஏற்றம்தான். கீழ்க்குளம் இரண்டு சதுர மீற்றர் மட்டுமே என்றால் இரண்டரைச் சென்ரிமீற்றருக்கு மேல் ஏறும். அதற்கு இடம் விடாமல் குளத்தைக் கரைவரை நிரப்பினால் ஒவ்வொரு மின்வெட்டிலும் குளம் வழியும், மின்சாரம் திரும்பும்போது நீர் போதாமல் பம்பு காற்றை இழுக்கும்.

கூட்டுவதும் குறைப்பதும்

நீரைக் கட்டுப்படுத்தும் வால்வு எப்போதும் பம்புக்குப் பின், நீர் வெளியேறும் பக்கத்தில் இருக்க வேண்டும். உறிஞ்சும் பக்கத்தை நெரித்தால் பம்பு கெடும். அதைவிடச் சிறந்தது, குழாயில் ஒரு ரி-இணைப்பைப் போட்டு, மிகையான நீரை ஒரு பந்து வால்வு (ball valve) வழியாகக் குளத்தின் மறுகோடிக்கே திருப்பிவிடுவது. வால்வைத் திறந்தால் நீர்வீழ்ச்சி மெலியும், மூடினால் தடிக்கும். இரு நிலையிலும் பம்பு தன் போக்கில் ஓடும், குளத்து நீரும் குறைவின்றிச் சுழலும். வால்வைச் சிறிது திருப்பிவிட்டு ஓரிரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள், தலைத்தொட்டியின் மட்டம் புதிய நிலைக்கு வர அவ்வளவு நேரம் ஆகும். பொறுக்காமல் மேலும் மேலும் திருப்புகிறவர்கள் சரியான இடத்தைக் கடந்துபோய்விடுவார்கள்.

ஓசையையும் இதே வால்வால் திருத்தலாம். கல்லில் விழும் நீர் சடசடக்கும், ஆழமான நீரில் விழும் நீர் தாழ்ந்த குரலில் ஒலிக்கும். அயல்வீட்டுப் படுக்கையறை அருகே இருந்தால் இரவில் நீரை மெலியவிடுவதே முறை.

எந்த நேரம் நிறுத்தலாம்

80 வோற்றுப் பம்பு இருபத்து நான்கு மணித்தியாலமும் ஓடினால் மாதத்துக்கு ஏறத்தாழ 58 அலகுகள் ஆகும். அலகு ஏற ஏறக் கட்டணப் படியும் ஏறுகிற நம் நாட்டில் இது சிறு தொகை அல்ல. எனவே பகலில் பார்வைக்காக ஓடவிட்டு இரவில் நிறுத்துவதுதான் வழக்கமாக இருக்கிறது. மீன் உள்ள குளத்தில் இது முழுக்கத் தவறு. நீர் சூடாகச் சூடாக அது பிடித்து வைக்கும் ஒட்சிசன் குறையும்: 20 பாகைச் செல்சியசில் லீற்றருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம், நம் பகுதிக்கு வழமையான 30 பாகையில் ஏறத்தாழ 7.5 மில்லிகிராம். பகலில் பாசியும் நீர்த்தாவரங்களும் ஒட்சிசனைத் தருகின்றன. இரவில் அவையும் மீன்களோடு சேர்ந்து அதை எடுத்துக்கொள்கின்றன. ஆகவே விடியற்காலையே மிகவும் நெருக்கடியான நேரம். அந்த நேரத்தில் மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைக் கண்டால், நீர்வீழ்ச்சி தவறான நேரத்தில் நிறுத்தப்பட்டிருக்கிறது என்று பொருள். சிக்கனம் வேண்டுமானால் முற்பகலில் நிறுத்துங்கள். மாலையிலிருந்து மறுநாள் வெயில் ஏறும் வரை ஓடட்டும். 2022 இல் மின்வெட்டுகள் நீண்ட மாதங்களில், இருட்டியபின் வாளியால் நீரை மொண்டு இடுப்பளவு உயரத்திலிருந்து மீண்டும் குளத்தில் ஊற்றிக்கொண்டிருந்தே என் மீன்களைக் காப்பாற்றினேன்.

மின்இணைப்பில் விட்டுக்கொடுக்கவே கூடாது. 30 மில்லியம்பியர் கசிவுக்கே விழும் ட்ரிப் சுவிட்ச் வழியாகத்தான் குளத்துப் பம்புக்கு மின்சாரம் போக வேண்டும். நீருக்குள் கை வைக்குமுன் பிளக்கைக் கழற்ற வேண்டும். வெளிப்புறச் சொக்கெட்டை எந்த உயரத்தில் வைப்பது என்று கேட்டால், 2011 தை மாத வெள்ளம் உங்கள் சுவரில் எதுவரை நின்றதோ அதற்கும் மேலே என்பதே என் பதில்.

நீர் குறைந்துகொண்டே போனால்

கச்சான் காலத்தில் நாளொன்றுக்கு ஐந்து முதல் ஏழு மில்லிமீற்றர் ஆவியாகப் போவது இயல்பு. ஆறு சதுர மீற்றர்க் குளத்துக்கு அது முப்பது முதல் நாற்பது லீற்றர், இரண்டு வாளி. அதற்கு மேல் குறைந்தால் எங்கே போகிறது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு வாளியில் குளத்து நீரை நிரப்பிக் குளத்தின் படியிலேயே பாதி அமிழ வைத்து, வாளிக்குள்ளும் வெளியிலும் நீர்மட்டத்தைக் குறியுங்கள். பம்பின் குழாயைத் தலைத்தொட்டிக்கு விடாமல் நேரே குளத்துக்குள்ளேயே திருப்பிவிடுங்கள்; நீர்வீழ்ச்சி ஓய்வெடுக்கும், மீன்களுக்கு ஒட்சிசனும் கிடைக்கும். மறுநாள் இரண்டு குறிகளும் ஒரே அளவு தாழ்ந்திருந்தால் குளத்தில் ஒழுக்கு இல்லை. குற்றம் மேலே, விளிம்பிலோ ஓடையிலோ இருக்கிறது. வாளியின் குறியைவிடக் குளத்தின் குறி அதிகம் தாழ்ந்திருந்தால், குளத்து நீர் எந்த மட்டத்தில் இறங்காமல் நிற்கிறது என்று பார்த்திருங்கள். விரிப்பின் ஓட்டை அந்த மட்டத்தில்தான் இருக்கும்.

மேலேதான் குற்றம் என்றால் முதலில் பாசியைப் பாருங்கள். விளிம்பிலும் ஓடையிலும் தடித்து வளரும் பாசி ஓர் அணைபோல் நீரை உயர்த்தி, விரிப்பின் ஓரத்தைத் தாண்டச் செய்யும். அடுத்து விரிப்பின் ஓரம்: அது நீர்மட்டத்துக்கு மேல் குறைந்தது பத்துச் சென்ரிமீற்றர் நிமிர்ந்து நிற்க வேண்டும். மணலோ புல்வேரோ அதற்கு மேலால் நீரைத் தொட்டுக்கொண்டிருந்தால் விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல் இரவுபகலாக நீரை வெளியே இழுக்கும். கரையோரக் கிணறுகளின் கடின நீரைப் பயன்படுத்துகிறவர்களுக்கு விளிம்பில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும், நீர்த்தகடு அந்த இடத்தில் கிழியும். பம்பை நிறுத்தி, விளிம்பைத் துடைத்துக் காயவிட்டு, வினாகிரியில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் போர்த்தி, தூரிகையால் தேய்த்து, கழுவும் நீர் குளத்துக்குள் போகாதபடி வழித்தெடுங்கள்.

நீர் வீழ்வது கிழமைக்குக் கிழமை மெல்லக் குறைந்தால் பம்பின் வலையில் இலை அடைத்திருக்கிறது. மாவிலையும் வேப்பிலையும் தென்னம்பூவும் உதிரும் வளவுகளில் பத்து நாளுக்கு ஒருமுறை கழுவ வேண்டும். பம்பை அடியில் கிடத்தாமல் இரண்டு செங்கல்லின் மேல், நீர்வீழ்ச்சிக்கு எதிர்க்கோடியில் வைத்தால் சேறு ஏறாது, மூலையில் நீரும் தேங்காது. திடீரென்று குறைந்தால் பம்பின் சுழலியில் ஏதோ சிக்கியிருக்கிறது. கூடியும் குறைந்தும் மூச்சு வாங்கினால் குளத்தில் நீர் போதவில்லை.

புதிய சீமெந்து வேலை செய்த குளத்துக்கு மீனை அவசரப்பட்டு விட வேண்டாம். வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஒரு கிழமை ஊறவிட்டு, நீரை வெளியேற்றி, இன்னும் இருமுறை நிரப்பிக் கழுவிய பின்னரே விடலாம். குழாய் நீரை நிரப்பினால் குளோரின் போக ஒருநாள் ஓடவிட வேண்டும்.

மாரிக்கு முன்னும் பின்னும்

ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் மழை பெய்வது நமக்குப் புதிதல்ல; அது ஆறு சதுர மீற்றர்க் குளத்தில் 600 லீற்றரைச் சேர்க்கும். குளம் என்றால் மிகை நீர் வழிந்தோட அதற்கு ஒரு வான் வேண்டும் என்பது உன்னிச்சைப் பெருங்குளத்துக்கும் பொருந்தும், வளவுக்கும் பொருந்தும். கரையின் தாழ்ந்த இடத்தைவிட ஐந்து சென்ரிமீற்றர் கீழே 50 மில்லிமீற்றர்க் குழாய் ஒன்றைப் பதித்து, உள்வாயில் சிறு கண் வலையைக் கட்டி, மறுமுனையைச் சல்லிக்கல் நிரப்பிய உறிஞ்சு குழியில் விடுங்கள். தெருக் கானுக்கு விட வேண்டாம். கான் வாவியில் போய் முடியும், அதோடு அலங்கார மீன்களும் போகும். தாங்கி துப்புரவாக்கும் என்று விற்கப்படும் முள்தோல் மீன் இலங்கையின் இயற்கை நீர்நிலைகளில் ஏற்கெனவே பரவிவிட்டது. மட்டக்களப்பு வாவியில் வலை வீசிப் பிழைக்கும் குடும்பங்களை நினைத்தால், இந்த வலைத்துண்டைக் கட்டுவது நம் கடமை.

மாரியில் குளத்தை இறைத்துக் கழுவக் கூடாது. கரையோர மணலில் நிலத்தடி நீர் அப்போது தரைமட்டத்துக்கு அருகே ஏறி நிற்கும். குளம் வெறுமையானால் வெளியே உள்ள நீர் விரிப்பைக் கொப்புளம்போல் மேலே தள்ளும், சீமெந்துத் தொட்டியானால் வெடிக்கச் செய்யும். பெரும் துப்புரவு வேலையைக் கிணறு தாழ்ந்திருக்கும் ஆடி, ஆவணியில் செய்யுங்கள். வெள்ளத்துக்காகப் பம்பை எடுத்து வைத்தால், நீர் ஓடாத கற்குழிகளில் நுளம்பு பெருகும். கிழமைக்கு ஒருமுறை அவற்றைத் துடைத்து உலர்த்த வேண்டும். குளத்தில் கப்பி மீன்கள் சில இருந்தால் அங்கே புழுக்களை அவையே பார்த்துக்கொள்ளும்.

மாசியில் தரை இறுகியதும் கண்ணாடிக் குழாயை எடுத்து விளிம்பின் இரு மூலைகளையும் மீண்டும் அளவுங்கள். ஒரு பக்கம் இறங்கியிருந்தால் பலகையைப் பெயர்த்தெடுக்க வேண்டியதில்லை. தாழ்ந்த மூலையின் அடியில் துருப்பிடிக்காத உலோகத் தகட்டையோ ஓட்டுத் துண்டையோ ஆப்பாகச் செருகி, மட்டம் வந்தபின் இடுக்கை மீண்டும் அடையுங்கள். பிறகு பம்பை இயக்கி, 15 லீற்றர் வாளி எத்தனை செக்கனில் நிரம்புகிறது என்று பார்த்து, போன வருட எண்ணுக்குக் கீழே எழுதிவிடுங்கள்.